மருத்துவர் பதில்கள்: வைரஸை விட்டு நம் செல்லைப் பற்றும் மருந்து

கேள்வி: கொரோனா வைரஸைக் குறிவைத்துச் செய்யப்பட்ட ஆன்டிபாடி மருந்துகள் பல, ஒமைக்ரான் வந்ததும் பலனற்றுப் போயின என்று படித்தேன். வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது. நம் செல்கள் அப்படி மாறுவதில்லை. அப்படியானால், வைரஸ் நுழைவதற்குப் பயன்படுத்தும் நம் செல்லின் புரதத்தையே ஆன்டிபாடியால் மறித்துவிட முடியாதா? அது செல்லுக்குக் கேடு செய்யுமா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: முடியும். அப்படிப்பட்ட மருந்து ஒன்று நடைமுறையில் இருக்கிறது. இபாலிசுமாப் என்ற அந்த ஆன்டிபாடிக்கு, வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்காக, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 மார்ச்சில் அனுமதி வழங்கியது. அது வைரஸைத் தொடுவதே இல்லை. நம் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் உள்ள சி.டி.4 என்னும் புரதத்தைத்தான் பற்றிக்கொள்கிறது.

இந்த எண்ணம் புதியதன்று. எச்.ஐ.வி. எந்தப் புரதத்தைப் பிடித்து உள்ளே நுழைகிறது என்று 1984இல் தேடிய லண்டன் ஆய்வாளர்கள், வெள்ளணுவின் மேலுள்ள புரதங்களை வெவ்வேறு ஆன்டிபாடிகளால் மறைத்துப் பார்த்தார்கள். மொத்தம் 155 ஆன்டிபாடிகளைச் சோதித்ததில், சி.டி.4ஐப் பற்றும் 14 ஆன்டிபாடிகளும் வைரஸைத் தடுத்தன; அதைக் கொண்டுதான் நுழைவிடம் எது என்றே தெரிய வந்தது. அதே ஆண்டில் பாரிஸ் ஆய்வாளர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள். ஆயினும் சோதனைக் குழாயில் கண்டது நோயாளிக்கு உரிய மருந்தாக வெளிவர 34 ஆண்டுகள் பிடித்தன. அதற்கான காரணங்களில் முக்கியமானது, நீங்கள் இறுதியாகக் கேட்ட ஐயமே.

சி.டி.4 வைரஸுக்காக அமைந்த புரதம் அன்று. மற்ற செல்கள் எடுத்துக்காட்டும் கிருமித் துணுக்குகளை, எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் வெள்ளணுக்களான உதவி டி-செல்கள் அடையாளம் காண்பதற்கு அது துணைநிற்கிறது. அதைக் கண்டபடி மூடினால், எச்.ஐ.வி. மெதுவாகச் செய்யும் கேட்டை மருந்தே விரைந்து செய்துவிடும். இன்னோர் ஆபத்தும் உண்டு. ஆன்டிபாடி எந்தச் செல்லின் மீது அமர்கிறதோ, அந்தச் செல்லை அழிக்க வேண்டியதாகக் கருதி நம் எதிர்ப்பாற்றல் தாக்கக்கூடும்.

இபாலிசுமாப் இவ்விரண்டையும் தவிர்த்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். சி.டி.4 புரதம், நான்கு மணிகளைக் கோத்து நிறுத்தியதுபோல் செல்லிலிருந்து வெளியே நீண்டிருக்கிறது. வைரஸ் பற்றுவது நுனியில் உள்ள முதல் மணியை. இந்த ஆன்டிபாடியோ, முக்கியமாக இரண்டாம் மணியில், வைரஸும் மற்ற செல்களும் தொடும் பக்கத்துக்கு மறுபுறமாக அமர்கிறது. எனவே டி-செல்லின் அன்றாடப் பணி தடைப்படுவதில்லை. வைரஸ் வந்து ஒட்டுவதும்கூடத் தடைப்படுவதில்லை. ஆனால் ஒட்டிய பின், அதே செல்லின் மேலுள்ள சி.சி.ஆர்.5 போன்ற இரண்டாவது புரதத்தை எட்டுவதற்கு வைரஸின் உறைப்புரதம் உருவம் மாறித் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்குத்தான் ஆன்டிபாடி இடம் கொடுப்பதில்லை. செல் அழியாதிருக்க, அழிப்பு வேலையைத் தூண்டும் திறன் குறைந்த ஐ.ஜி.ஜி.4 வகையாக இம்மருந்தை வடிவமைத்தார்கள். ஒரு புரதத்தை மறிப்பதைவிட, அதில் எந்த இடத்தை மறிப்பது என்று தேர்ந்ததே இங்கு பெரிய சாதனை என்பது என் கருத்து.

அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் இருந்தவர்கள் 40 பேர் மட்டுமே. பல மருந்துகள் கைவிட்ட நிலையில் இருந்தவர்கள். பலன் தராத பழைய மருந்துகளைத் தொடர்ந்தபடியே, முதல் தவணையாக 2,000 மில்லிகிராம் இபாலிசுமாப் நரம்பு வழியே செலுத்தப்பட்டது. ஒரே வாரத்தில், 33 பேருக்கு இரத்தத்தில் வைரஸின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. பின்னர் வேறு மருந்துகளும் சேர்க்கப்பட்டு, இரு வாரங்களுக்கு ஒருமுறை 800 மில்லிகிராம் வீதம் தொடரப்பட்டபோது, 25ஆம் வாரத்தில் 43 சதவீதத்தினருக்கு வைரஸ் எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 50க்கும் குறைந்தது.

இலக்கு மாறாது என்ற உங்கள் கணிப்பில் ஒரு திருத்தம் வேண்டும். நம் புரதம் மாறாதுதான். ஆனால் அதைப் பயன்படுத்தும் முறையை வைரஸ் மாற்றிக்கொள்ள முடியும். இபாலிசுமாப் பெற்ற சிலரிடம், உறைப்புரதத்தின் குறிப்பிட்ட பகுதியில் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டும் இடங்களை இழந்த வைரஸ்கள் தோன்றி, மருந்துக்கு அவ்வளவாக அசையாமல் இருந்தன. அதனால்தான் இம்மருந்தைத் தனியே கொடுப்பதில்லை.

மற்ற வைரஸ்களில் கதை இவ்வளவு தூரம் வரவில்லை. ஹெபடைடிஸ் சி வைரஸ் கல்லீரல் செல்லில் நுழைய உதவும் கிளாடின்-1 புரதத்தை மறித்து, மனிதக் கல்லீரல் செல்களை ஏற்றிய எலிகளில் நாள்பட்ட தொற்றையே குணப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அதற்குள் சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வந்து, ஒரு சில மாதங்களில் நோயைத் தீர்த்துவிட்டன.

கேள்வி: 2021இல் என் தந்தைக்குக் கொரோனா வந்தபோது, பெரும்பாடுபட்டுத் தேடி டோசிலிசுமாப் ஊசி வாங்கிக் கொடுத்தோம். அதுவும் வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடிதானா?
– வாசகர், தேனி

பதில்: டோசிலிசுமாபும் நம் புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடிதான், ஆனால் அது பற்றுவது வைரஸின் நுழைவிடத்தை அன்று. உடலில் அழற்சியை முடுக்கிவிடும் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருள் வந்து சேரும் ஏற்பியை அது மறிக்கிறது. வைரஸ் பெருகுவதை அது நேரடியாக நிறுத்துவதில்லை; வைரஸைக் கண்டு நம் உடல் கட்டுமீறிக் கொதிப்பதால் நுரையீரலுக்கு வரும் சேதத்தைக் குறைக்கிறது.

பிரிட்டனில் 4,116 நோயாளிகளிடம் நடந்த ரெகவரி ஆய்வில், இம்மருந்து பெற்றவர்களில் 31 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 35 சதவீதத்தினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். அவர்கள் எல்லோரும் ஆக்சிஜன் குறைந்து, இரத்தத்தில் அழற்சியின் அளவு கூடியிருந்தவர்கள். பெரும்பாலோர் ஸ்டீராய்டும் பெற்றுவந்தவர்கள். ஊசி கிடைக்காமல் அந்த நாட்களில் எத்தனையோ குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். கிடைக்காததால்தான் இழந்தோம் என்று இன்றும் தம்மை நொந்துகொள்பவர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: நூறு பேருக்குக் கொடுத்தால், கூடுதலாகப் பிழைத்தவர்கள் ஏறத்தாழ நால்வர்.