சங்கிலியில் இருப்பவருக்கும் சுதந்திரம் உண்டா?

‘சங்கிலியில் கிடக்கும் அடிமையும் எஜமானனைப் போலவே சுதந்திரமானவன்’ என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரின் கருத்து, அடிமைமுறை பற்றிய நாவல்களுக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதிதான் பொருந்தும் என்பேன். பணிந்து கிடப்பதா, உயிரைப் பணயம் வைத்து எதிர்ப்பதா என்ற தேர்வு அடிமையிடம் எப்போதும் இருக்கிறது என்பதே 1943-இல் அவர் சொன்னதன் சாரம். அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலில், அடிமைமுறை இருந்த கென்டக்கியிலிருந்து அது இல்லாத ஓஹையோவுக்குத் தப்பி வந்த சேத் என்ற பெண், 28 நாள் கழித்துப் பிடிக்க ஆள் வந்ததும் அடிமை வாழ்வுக்குத் திரும்பக்கூடாது என்று தன் பெண் குழந்தையைக் கொன்றுவிடுகிறாள். 1856-இல் மார்கரெட் கார்னர் என்ற தாய் நிஜமாகவே செய்த காரியம் இது. தேர்வுதான், சரி. ஆனால் அந்த இரண்டே வழிகளை அவள் முன் வைத்தது யார்? தப்பியவர்களைப் பிடித்து ஒப்படைக்கச் சொன்ன 1850-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அதில் ஒரு பங்காளி.

என்னை அதைவிட உலுக்கியது சேத்தின் மாமியார் பேபி சக்ஸ். மகன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் உழைத்து அவளை விலைகொடுத்து மீட்கிறான். விடுதலையான அன்று அவள் தன் கைகளைப் பார்க்கிறாள்: இவை என்னுடையவை. அப்புறம் நெஞ்சுக்குள் ஏதோ தட்டுகிறது. தன் இதயம்தான் என்று புரிந்ததும் சிரிக்கத் தொடங்குகிறாள்.