அந்த அறைக்கு வாடகை எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 36. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, வீடுகளில் சேர்ந்துபோன வேண்டாத சாமான்களை ஏற்றி அப்புறப்படுத்தும் தொழிலைத் தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. சிறிய சரக்கு வண்டி ஒன்று, உதவிக்கு ஓர் ஆள். பெரும்பாலும் பெரியவர்கள் இறந்துபோன வீடுகளைக் காலி செய்யத்தான் கூப்பிடுகிறார்கள். போட்டி இருப்பதால் கூலியைக் குறைத்துத்தான் கேட்கிறேன். எடுத்து வருவதை விற்று ஈடுகட்டிவிடலாம் என்பது என் கணக்கு. விற்காமல் நிற்கும் இரண்டு ஃப்ரிட்ஜ், பழைய டிவிகள், பேட்டரிகள், மெத்தைகள், லேப்டாப்புகள் எல்லாவற்றையும் தற்போதைக்கு அம்மா இருந்த அறையில் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா ஹாலில் சோபாவில் படுத்துக்கொள்கிறார். அங்கேதான் காற்று நன்றாக வருகிறதாம். வாரத்தில் மூன்று நாள் வண்டி ஓடுகிறது. கூலியை எடைக்குப் பேசுவதா, லோடுக்குப் பேசுவதா? கடன் வாங்கி இன்னொரு வண்டி எடுக்கலாமா?

பதில்: தம்பி, "அம்மா இருந்த அறை" என்று எழுதியிருக்கிறீர்கள். உயிரோடு இருப்பவரின் அறையை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முதல் தடவை படித்தபோது அம்மா காலமாகிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டேன். அடுத்த வரியில் பார்த்தால் அவர் சோபாவில் படுத்திருக்கிறார்.

வண்டிக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: வேண்டாம். வாரத்தில் நான்கு நாள் சும்மா நிற்கிற வண்டிக்குத் துணையாக நிற்க இன்னொன்றைக் கடனுக்கு வாங்குவார்களா? கூலிக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த அறை.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல, தொழிலின் பெயர்தான் மாறும். ஒருவர் நாலு தையல் மெஷின் போட்டிருப்பார், ஒருவர் இணையத்தில் துணி விற்பார், ஒருவர் அச்சு வேலை எடுத்துச் செய்வார். எல்லாக் கடிதத்திலும் நடுவில் எங்கேயோ வீட்டில் ஓர் அறை காணாமல் போயிருக்கும். அது எழுதியவரின் படுக்கையறையாக ஒரு தடவைகூட இருந்ததில்லை. வீட்டில் யார் எதிர்த்துப் பேச மாட்டாரோ, அவருடைய அறையாகத்தான் இருக்கும். "அவருக்கும் அதுதான் வசதி" என்ற வாக்கியமும் தவறாமல் கூடவே வரும்.

காற்று வருகிறது என்று அம்மா சொன்னது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னது. மகன் வேலையை விட்டுவிட்டான், பத்து மாதமாக அல்லாடுகிறான், நம்மால் ஆனது இந்த அறைதான் என்று கொடுத்திருக்கிறார். அவர் கொடுத்ததை நீங்கள் வாங்கிக்கொண்டதைக்கூட நான் பெரிய தப்பாகச் சொல்ல மாட்டேன். கஷ்டகாலத்தில் பிள்ளைகள் வாங்கத்தான் செய்கிறார்கள். அதை ஒரு கடனாக எழுதாமல் காற்றோட்டமாக எழுதினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, அந்த அறைக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? ஃப்ரிட்ஜ் மிகப் பழையதாக இருந்தால் அதில் ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு இருக்கலாம். 1987-ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டு உலக நாடுகள் கைவிடத் தொடங்கிய வாயு அது. சமீபத்திய மாடலாக இருந்தால் பெரும்பாலும் ஐசோபியூட்டேன். அடுப்பு எரிவாயுவுக்குச் சொந்தக்காரன், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பின்பக்கத்துத் தகட்டில் பெரும்பாலும் வாயுவின் பெயரோ குறியீடோ அச்சடித்திருக்கும், இன்றைக்கே போய்ப் பாருங்கள். கம்ப்ரஸரில் செம்பு இருக்கிறது என்ற ஆசையில் உங்கள் ஆள் ஒருநாள் அறைக்குள்ளேயே அதன் வாயுக் குழாயை அறுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வாயுவை முறையாக உறிஞ்சி எடுக்கிற கருவியும் பயிற்சியும் உள்ளவர் கைவைத்த பிறகுதான் ஃப்ரிட்ஜ் இரும்பாகும்.

பெட்டி மாதிரி இருக்கும் பழைய டிவியின் கண்ணாடிக் குழலில் ஈயம் கலந்திருக்கிறது, உள்ளே வெற்றிடம். கை தவறி விழுந்தால் சில்லு முகத்துக்குத் தெறிக்கும். பெரிய பேட்டரிகளில் ஈயமும் சல்ஃப்யூரிக் அமிலமும் இருக்கின்றன. சாய்த்துப் போட்டால் கசியும். லேப்டாப் பேட்டரி இவை எல்லாவற்றையும்விட மோசம். உப்பிப்போன லித்தியம் பேட்டரியின் மேல் ஒரு கனமான சாமான் அழுந்தினால் போதும். அப்போதே எரிந்தாலும் எரியும், சில மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு நடுராத்திரியில் எரிந்தாலும் எரியும். அணைத்தாயிற்று என்று நினைத்தது மறுபடி பற்றிக்கொள்வதும் உண்டு. குப்பை லாரிகளும் மறுசுழற்சிக் கிடங்குகளும் பல நாடுகளில் தீப்பிடிப்பதற்கு இன்று முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. அதற்கும் உங்கள் அம்மா தலைவைத்துப் படுத்திருக்கும் சோபாவுக்கும் நடுவில் இருப்பது ஒரு கதவு.

மெத்தைகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம். மூட்டைப்பூச்சி இரத்தமே குடிக்காமல் பல மாதம் உயிரோடு காத்திருக்கும். உங்கள் வீட்டில் அது அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த அறை அளவுக்கு வெளியே ஓர் இடம் வாடகைக்கு எடுத்தால் மாதம் எவ்வளவு ஆகும் என்று நாளைக்கே விசாரியுங்கள். அதைப் பத்தால் பெருக்கி, பத்து மாதத்தில் கையில் நின்ற லாபத்திலிருந்து கழியுங்கள். அநேகமாக ஒன்றும் மிஞ்சாது, கையைக் கடிக்கவும் செய்யலாம். நீங்கள் போட்டிக்காகக் குறைத்த கூலியை யார் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அப்போது புரியும். முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டுச் சாமானைச் சல்லிசாக அகற்றிக்கொள்கிறார். மீதிக் காசை உங்கள் அம்மா ஒவ்வொரு ராத்திரியும் கட்டுகிறார். இது தொழில் நடத்துகிற லட்சணமா தம்பி?

கூலியை எடைக்கா, லோடுக்கா என்று கேட்டீர்கள். சோபா, பீரோ, மெத்தை, அட்டைப்பெட்டி மாதிரியானவை அளவைப் பார்க்கக் கனம் குறைவு, இடம்தான் அடைக்கும். இவற்றுக்கு வண்டியின் கொள்ளளவில் கால், அரை, முக்கால், முழு லோடு என்று பேசுங்கள். கட்டட இடிபாடு, மண், ஓடு, நனைந்த சாமான் இதெல்லாம் எடைக்கணக்கு. உடைத்த கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒன்றரை டன் இருக்கும். முக்கால் டன் சுமக்கிற வண்டியில் அரை கன மீட்டர் போட்டாலே வரம்பு முடிந்தது. மேலே இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று இன்னும் நாலு கூடை கொட்டச் சொல்வார்கள். கொட்டினால் போவது உங்கள் வண்டியின் பிரேக்கும் அச்சும். இடிபாட்டுக்கு நடுவில் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) கூரைத் தகடு தெரிந்தால் கூலி பேசவே பேசாதீர்கள். உடைந்தால் பறக்கும் அதன் இழை நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். அதை எடுப்பதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

போனில் கூலி சொல்லாதீர்கள். நேரில் போங்கள், முடியாவிட்டால் போட்டோவாவது வாங்குங்கள். எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா, வாசல்வரை வண்டி வருமா, எத்தனை கை வேண்டும் என்பதை யாரும் கேட்பார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தச் சாமான் ஒவ்வொன்றும் கடைசியில் எங்கே போய்ச் சேரும், அங்கே சேர்க்க எனக்கு என்ன செலவு? உங்கள் தொழிலின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தூக்கி வண்டியில் போடுவதை உடம்பில் வலு இருக்கிற யாரும் செய்துவிடலாம். தூக்கியதை எங்கே இறக்குவது என்று தெரிந்தவரைத்தான் ஜனங்கள் காசு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் அதைத் தெரிந்துகொள்ளாமலே பத்து மாதம் ஓட்டிவிட்டீர்கள், ஏனென்றால் இறக்க ஓர் அறை இலவசமாகக் கிடைத்தது.

இதில் உலகமும் உங்களைப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் ஏறியது 22.3 சதவீதம். மீதி ஆவியாகிப் போய்விடவில்லை. வாய்திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியாத யாரோ ஒருவரின் இடத்தில் கிடக்கிறது.

ஆகவே கூலி சொல்லும்போது குப்பைக்கிடங்குக் கட்டணம், மறுசுழற்சியாளரிடம் போய்வரும் எரிபொருள், ஆள் கூலி, உங்கள் கூலி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். விற்று வருவதை அதில் கழிக்காதீர்கள். இரும்பு விலை இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் ஒன்று. பழைய சோபாவை வாங்க ஆள் வருவார் என்பது ஜோசியம். விற்றால் அது மேல்வரும்படி, அவ்வளவுதான். கூலியைக் கேட்டுவிட்டு நாலு பேர் போனை வைத்துவிடுவார்கள், வைக்கட்டும். அவர்களில் பாதிப் பேர் வேறொருவரைக் கூப்பிட்டு, அவர் சாலையோரம் கொட்டிவிட்டுப் போன குப்பையில் தங்கள் முகவரி எழுதிய தபால் உறை அகப்பட்டு மாட்டிக்கொண்ட பிறகு திரும்பி வருவார்கள். நீங்கள் இறக்கிய இடத்தின் ரசீதை வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

தரம் பிரிப்பதை அந்த வீட்டு வாசலிலேயே முடியுங்கள். சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாத செம்பையும் பித்தளையையும் அலுமினியத்தையும் தனித்தனிப் பையில் போடுங்கள். கலந்து கொண்டுபோனால் பழைய இரும்புக்கடைக்காரர் எல்லாவற்றையும் இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு, நீங்கள் போன பிறகு பிரித்துக்கொள்வார். ஒயரை மட்டும் எரித்துச் செம்பு எடுக்காதீர்கள். அந்தப் புகையில் டையாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. நல்ல நிலையில் உள்ளதைத் தேவைப்படுகிறவர்களுக்கு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ராத்திரி வீடு திரும்பும்போது வண்டி காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லையென்றால் அன்றைய வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

"தற்போதைக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையை எனக்குத் தெரியும். நியூயார்க்கில் கோலியர் சகோதரர்கள் என்று இருவர் இருந்தார்கள். அண்ணன் ஹோமருக்குக் கண் போய்விட்டது. தம்பி லாங்லி, அண்ணனுக்குப் பார்வை திரும்பியதும் படிக்கட்டும் என்று வருடக்கணக்கில் நாளிதழ்களைச் சேர்த்து வைத்தார். கூடவே கண்ணில் பட்டதெல்லாம் சேர்ந்தது. 1947-ல், தான் குவித்ததே சரிந்து விழுந்து லாங்லி செத்தார். சோறு கொடுக்க ஆளில்லாமல் ஹோமர் செத்தார். லாங்லி சில அடி தூரத்தில்தான் கிடந்தார், ஆனால் அந்தக் குவியலில் அவரைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே எடுத்தது நூறு டன்னுக்கு மேல். லாங்லி அண்ணன்மேல் பாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. நீங்களும் அப்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டுக் கவனிக்காமல் கடந்துபோயிருக்கிறீர்கள். பெரியவர்கள் இறந்த வீடுகளைக் காலி செய்யத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் வாசலில் நின்று, அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அலமாரி இழுப்பறையில் மடித்துவைத்த காகிதத்தையோ மோதிரத்தையோ எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். (கொடுத்திருப்பீர்கள் என்றே நம்புகிறேன். ஒவ்வொரு இழுப்பறையையும் வீட்டுக்காரர் கண்ணெதிரில் திறந்து காட்டாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். லேப்டாப்பில் இருக்கும் தகவல்களும் அப்படித்தான், அழிக்காமல் கைமாற்றக் கூடாது.) அடுத்தவருடைய அம்மாவின் அறை எப்போது காலியாகிறது என்று உங்களைவிடத் தெரிந்தவர் யார்? அவர்கள் அம்மா போன பிறகு காலி செய்த சாமானைக் கொண்டுவந்து, உங்கள் அம்மா இருக்கும்போதே அவர் அறையை நிரப்பியிருக்கிறீர்கள்.

வருகிற வாரம் வேலை எதுவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டி நிற்கிற அந்த நான்கு நாளையும் சேர்த்து, முழு வாரத்துக்கும் உங்கள் வாடிக்கையாளர் உங்கள் அம்மாதான். பேட்டரியும் லேப்டாப்பும் முதல் நாளே வெளியேற வேண்டும். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர் யார் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அடுத்து ஃப்ரிட்ஜ், டிவி. மெத்தைகளை உறைபோட்டுக் கட்டி நேரே கிடங்குக்குக் கொண்டுபோங்கள், ஹால் வழியாக இழுத்துப் போகாதீர்கள். காசு கொடுத்துத்தான் இறக்க வேண்டியிருக்கும், கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன ஆயிற்று என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கூலிப் பட்டியல் அதிலிருந்துதான் பிறக்கும். பிறகு அறையைக் கழுவி, சுவருக்கு ஒரு கை வெள்ளையடியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அம்மாவின் கட்டிலைப் பழைய இடத்தில் போட வேண்டும். கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன் தம்பி. அறையில் இருப்பதை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறீர்கள், அம்மா சோபாவில் படுக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். கட்டிலைப் பற்றி எதுவும் இல்லை. அதை என்ன செய்தீர்கள்?