சிங்கப்பூரில் தோலைப் பார்ப்பார்களா, பாஸைப் பார்ப்பார்களா?

தம்பி, சிங்கப்பூருக்கு எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வரப்போவதாகச் சொல்லி, "வெள்ளைக்காரன் வந்தால் எக்ஸ்பாட், நாம் வந்தால் ஃபாரின் ஒர்க்கராமே, உண்மையா?" என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அதைத் தோல் மட்டும் முடிவு செய்வதில்லை.

இங்கே ஆளுக்குத் தரம் போடுவது முதலில் வேலை அனுமதி அட்டைதான், அதைத்தான் பாஸ் என்கிறார்கள். மேலே எம்ப்ளாய்மென்ட் பாஸ்: 2025 ஜனவரியிலிருந்து புதிதாக எடுக்கக் மாதம் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும், வயது ஏற ஏற அதுவும் ஏறும். நடுவில் உங்கள் எஸ் பாஸ்: 2025 செப்டம்பரிலிருந்து 3,300. அடியில் ஒர்க் பெர்மிட். கட்டட வேலை, கப்பல் பட்டறை ஆட்களில் பெரும்பாலோர் அதில்தான். பெர்மிட்காரர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. சிங்கப்பூர்ப் பெண்ணைக் கட்டவே மனிதவள அமைச்சிடம் அனுமதி வாங்க வேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட்காரருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை கட்டுகிறார். எஸ் பாஸிலும் மாதச் சம்பளம் 6,000 தொட்டால்தான் மனைவி, பிள்ளைகளைக் கூப்பிட முடியும். "ஆறு மாசத்துல ஃபேமிலியைக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால் இந்த 6,000 கணக்கை அவரிடமே கேளுங்கள்.

அட்டை பைக்குள் இருக்கிறது, முகம்தான் வெளியே தெரிகிறது. அதனால் முகத்தை வைத்து அட்டையை ஊகிக்கிறார்கள். வெள்ளைக்காரரைப் பார்த்ததும் பெரிய பாஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், நிற்கும் தமிழர் என்ன வேலை பார்த்தாலும் பெர்மிட்தான் என்று நினைப்பார்கள். அங்கே 2013 டிசம்பர் 8-ல் நடந்த கலவரத்துக்குப் பிறகு இது கூடியது. 2015 மதுச் சட்டத்தில் தேக்காவுக்கும் கேலாங்குக்கும் மட்டும் வார இறுதிக்குத் தனிக் கெடுபிடி இன்னும் இருக்கிறது.

நீங்கள் இதை முதலில் நேருக்கு நேர் சந்திப்பது வீடு தேடும்போதுதான். விளம்பரத்துக்கு வாட்ஸ்அப் அனுப்பினால், வாடகை பேசுவதற்கு முன்பே மூன்று கேள்வி வரும்: என்ன இனம், என்ன பாஸ், ஹெவி குக்கிங்கா? மூன்றாவது கேள்வி பார்க்க அப்பாவி போல இருக்கும், கேட்பது என்னவோ தாளிப்பு வாசனையைத்தான். சமைப்பதை மறைத்துக் குடிபோகாதீர்கள், பிறகு டெபாசிட்டில் பிடிப்பார்கள். வாரத்தில் எத்தனை நாள், எந்த அடுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்காரர் "கோட்டா ஃபுல்" என்றால் அது சில நேரம் சாக்கு, சில நேரம் நிஜம். முழு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவதற்கு வட்டாரத்தில் 8, பிளாக்கில் 11 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. அறை வாடகைக்கு அது கிடையாது. அறைக்கும் அதையே சொன்னால் உங்களை வேண்டாம் என்கிறார்கள், அவ்வளவுதான். வீவக வாடகைப் பணத்தை வீட்டு ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள், அவர் வாங்கக் கூடாது. வீட்டுக்காரர் கணக்குக்கே போடுங்கள்.

2025 ஜனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டம் அமலுக்கு வந்தால் இனப் பாகுபாட்டையும் சேர்த்துத்தான் தடுக்கும். ஆனால் அது வேலைக்கு மட்டும், அதுவும் தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு. வீட்டுக்கு அது உதவாது.

நாளைக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் கிடைத்தால் எல்லாம் மாறிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அப்போது வசவுதான் மாறும். 2005-ல் இந்தியாவும் சிங்கப்பூரும் செய்த 'சீகா' (CECA) என்ற பொருளாதார ஒப்பந்தத்தின் பெயரையே இந்திய ஐடிக்காரர்களைத் திட்டும் சொல்லாக ஆக்கிவிட்டார்கள். பெர்மிட்காரர் கண்ணில் படக்கூடாது, ஐடிக்காரர் வேலையைப் பறிக்கக்கூடாது என்பது கணக்கு. இதில் இங்கேயே பிறந்த தமிழரும் அடி வாங்குகிறார்கள், பெயரைப் பார்த்து அவர்களுக்கும் வீடு மறுக்கிறார்கள். "இந்தியாவில் எந்த ஊர்?" என்று ஆயுசு முழுக்கக் கேட்கப்படுகிறவர்கள் அவர்கள். நீங்களும் அதையே கேட்டால் முகம் சுருங்கத்தான் செய்யும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பளம்தான் முக்கியம். பாஸ் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது, அவர் ரத்து செய்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். "இந்தியன் தாங்கிக்கொள்வான்" என்ற நினைப்பு இந்தப் பயத்தில்தான் வளர்கிறது. எஸ் பாஸில் வழக்கமான மோசடி: தாளில் 3,300 போட்டு வங்கியில் செலுத்திவிட்டு, மாதாமாதம் ஆயிரத்தை ரொக்கமாகத் திருப்பிக் கேட்பது. இது குற்றம். வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியை உங்கள் தலையில் கட்டுவதும், பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பதும் அப்படியே. கிளம்புமுன் ஐபிஏ என்ற முன் அனுமதிக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் மூன்றையும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும். சம்பளம் குறைந்தால், சம்பளத் தகராறைத் தீர்க்க உதவும் டாடெம் (TADM) அமைப்பில் புகார் கொடுக்கலாம். வேலையில் இருந்தால் சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள். வங்கிக் கணக்கு அறிக்கையையும், வேலை பார்த்த மணிக்கணக்கையும் முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள், ஊர் திரும்பிய பிறகு அதைத் தேடிப் பிடிப்பது சிரமம்.