வயலில் மிதக்கும் இலைக் குழல்கள்: மருந்து வேண்டாம், மடையைத் திறந்துவிடுங்கள்

கேள்வி: காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் பாசனம். சம்பா நட்டு மூன்று வாரம் ஆகிறது. பள்ளமான மூலையில் மட்டும் இலை நுனிகள் கத்தரியால் நறுக்கியதுபோல் இருக்கின்றன. தண்ணீரில் சின்னச் சின்ன இலைக் குழல்கள் மிதக்கின்றன. நத்தையும் நிறைய. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து இருக்கட்டும். ஒரு குழலை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வெளிர்பச்சைப் புழு இருக்கும். உடம்பின் இரு பக்கமும் மெல்லிய இழைகள் தெரியும். அவை செவுள்கள். இதுதான் கூண்டுப்புழு. அந்துப்பூச்சிகளில் இப்படிச் செவுளால் மூச்சுவிடும் புழுக்கள் மிகச் சிலவே. நுனியை நறுக்கி, பட்டிழையால் குழலாக்கி, அதற்குள் தண்ணீரை வைத்துக்கொண்டே செடியில் ஏறிப் பச்சையத்தைச் சுரண்டும். இலையில் வெள்ளையாக ஏணிப்படி மாதிரித் தடம் விழும். இதை இலைச்சுருட்டுப் புழு என்று நினைத்துவிடாதீர்கள்: அதன் சுருள் செடியோடுதான் இருக்கும், மிதக்காது.

தாய் அந்து வெள்ளை. இறக்கையில் வெளிர்பழுப்புப் புள்ளிகள். இரவில் வந்து, நீரில் படிந்து கிடக்கும் இலைகளின் அடிப்பக்கம் முட்டையிடும். நாலைந்து நாளில் பொரியும். புழுப்பருவம் இரண்டு மூன்று வாரம். அப்புறம் குழலோடு தண்டில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்தாகப் பறந்துவிடும்.

செவுள் இருப்பதுதான் உங்களுக்கு வசதி: தண்ணீர் இல்லாவிட்டால் புழு பிழைக்காது. இரண்டு பேர் கயிற்றின் இரு முனையையும் பிடித்துப் பயிர்மேல் இழுத்துக்கொண்டே போங்கள். குழல்கள் தண்ணீரில் உதிரும். உடனே வடித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் வயலைக் காயப் போடுங்கள். மடையில் மறக்காமல் கொசுவலைத் துணி கட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் புழு அடுத்தவர் வயலுக்குக் குடிபோய்விடும், வரப்புச் சண்டைதான் மிச்சம்.

ஐப்பசி மழையில் உங்கள் பக்கம் தண்ணீர் வடியவே வடியாது, தெரியும். அப்போது கயிறு இழுத்து, காற்று ஒதுக்கும் மூலையில் சேரும் குழல்களை வலையால் அள்ளிக் கரையில் கொட்டுங்கள். சேதம் அந்த மூலையில் மட்டும் தெரிவதும் இதனால்தான்.

நத்தைகளைக் கொல்லாதீர்கள், அவை இந்த அந்தின் முட்டைகளைத் தின்னும். நீர்வண்டுகள் புழுவைப் பிடிக்கும். தேங்கிய நீரில் மருந்து ஊற்றினால் முதலில் போவது இவைதான். தூர் கட்டும் பருவத்துப் பயிர் பெரும்பாலும் தானே தேறிவிடும். கதிர் வர சில நாள் தாமதமாகலாம். அதற்காக யூரியாவை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். வடித்தபிறகும் புதிதாக நுனி நறுக்குவது தொடர்ந்தால், இலையும் குழலுமாக எடுத்துக்கொண்டு வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள்.