ஜிம்முக்கு ஐபிஎக்ஸ்7 இயர்பட்ஸ் தேவையா?

நண்பரே, வலது பக்க இயர்பட்ஸ் மட்டும் சார்ஜ் ஏறுவதில்லை, டிரெட்மில்லில் ஓடினால் கழன்றும் விழுகிறது, அடுத்து வாங்குவது ஐபிஎக்ஸ்7 (ஐபிஎக்ஸ் என்பது நீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக் குறியீடு) தான் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சார்ஜ் ஏறும் உலோக முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஏதும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். பழையதே பிழைத்துக்கொள்ளக்கூடும்.

ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும் என்று பொருள். ஆனால் அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். உங்கள் வியர்வையில் உப்பு இருக்கிறது. உலோகத்தை அரிப்பது அதுதான். எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 ஜிம்முக்குப் போதும். வியர்வை ஊற்றும் உடம்பென்றால் பீய்ச்சும் நீரையும் தாங்கும் ஐபிஎக்ஸ்5 வாங்குங்கள். இந்த எண் பெரும்பாலும் இயர்பட்ஸுக்கு மட்டுமே, சார்ஜ் ஏற்றும் பெட்டிக்கு அல்ல. ஆகவே துடைக்காமல் ஈரத்தோடு உள்ளே போட்டு மூடாதீர்கள். வாரண்டியில் வியர்வைச் சேதம் சேருமா என்பதையும் படித்துவிடுங்கள். விற்கும் அட்டைப்பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டதை உள்ளே பொடி எழுத்தில் மறுப்பவர்கள் உண்டு.

கழன்று விழுவதற்கு எந்த எண்ணும் உதவாது. காதுக்குள் போகும் சிலிக்கோன் முனையின் அளவை மாற்றிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்பதில்லை. அப்படியும் நிற்காவிட்டால் காதின்மேல் கொக்கியாக மாட்டும் வகை நல்லது. நெக்பேண்ட் மலிவுதான், ஆனால் பெஞ்சில் மல்லாந்து படுத்தால் கழுத்தில் உறுத்தும்.