உணவுக்குழாய் கட்டிக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: வயது 46. வேறு காரணத்துக்காக எண்டோஸ்கோபி செய்தபோது உணவுக்குழாயில் 2 செ.மீ. கட்டி தெரிந்தது. லியோமயோமாவாக (தசையில் வளரும், புற்றல்லாத கட்டி) இருக்கலாம், புற்றுநோய் போலத் தெரியவில்லை என்கிறார்கள். விழுங்குவதில் சிரமமில்லை. எண்டோஸ்கோபி வழியாகவே எடுக்கலாமாம். டெபாசிட்டை உடைக்கட்டுமா? காப்பீட்டுத் தொகை போதாது; பெரிய பாலிசிக்கு மாறிவிட்டுப் பிறகு எடுக்கலாமா?

பதில்: பாலிசியை இப்போது மாற்றாதீர்கள். கட்டி அறிக்கையில் ஏறிவிட்டது. புதிய விண்ணப்பத்தில் அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைக்கலாம் (அதுவரை அதற்கு க்ளைம் கிடையாது), அல்லது விண்ணப்பத்தையே மறுக்கலாம். மறைத்தால் க்ளைமை நிராகரிக்க அதுவே போதும். இருக்கும் பாலிசியை ஒருநாள்கூட இடைவெளி விடாமல் புதுப்பியுங்கள்.

அடுத்து, 'இப்போதே எடுக்க வேண்டுமா?' என்று மருத்துவரிடம் கேளுங்கள். தொந்தரவு தராத சிறிய லியோமயோமாவை எடுக்காமல் அவ்வப்போது பார்த்து வருவதும் உண்டு. அப்படியானால் டெபாசிட்டைத் தொடவே வேண்டாம்.

எடுக்கத்தான் வேண்டுமென்றால், எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் முடிந்த பிறகு செலவு மதிப்பீடு வாங்குங்கள். கட்டி உணவுக்குழாய்ச் சுவரின் எந்த அடுக்கில் முளைத்தது என்பதை அதுதான் காட்டும். செலவும் அதைப் பொறுத்ததே. மேலடுக்கில் இருந்தால் வேலை சுலபம். லியோமயோமா பெரும்பாலும் தசை அடுக்கில் வரும். அதற்குச் சளிப்படலத்தின் (குழாயின் உள்பக்கப் படலம்) அடியில் சுரங்கம்போல வழி போட்டுக் கட்டியை எடுக்கிறார்கள். முழு மயக்கம், சிறப்புக் கத்திகள், கிளிப்புகள், சில நாள் படுக்கை என்று பில் நீளும். எடுத்த கட்டி லியோமயோமாதானா, ஜிஸ்ட் வகையா (புற்றாக மாறக்கூடிய வேறொரு கட்டி) என்று உறுதிசெய்யச் சிறப்புச் சாயச் சோதனையும் தேவைப்படலாம். மதிப்பீட்டில் இது விடுபட்டுப்போகலாம். கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்தின் க்ளைம் மேசையில் ஒரு வேடிக்கை நடக்கும். 'எண்டோஸ்கோபி' என்ற சொல்லைப் பார்த்ததும் வெறும் பரிசோதனை என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. கட்டியின் அளவு, அடுக்கு, அகற்றும் சிகிச்சை என்பதெல்லாம் தெளிவாக எழுதிய மருத்துவர் கடிதத்தோடு முன் அனுமதி கேளுங்கள். எழுத்தில் பதில் வராமல் அட்மிட் ஆகாதீர்கள், அவசரமில்லாத சிகிச்சைதானே.

காப்பீடு போகக் கையிலிருந்து கட்டவேண்டிய தொகையை அவசர நிதியிலிருந்து எடுங்கள். அது போதாவிட்டால் டெபாசிட்டின் மீது கடன் வாங்குவதையும், உடைத்தால் இழக்கும் வட்டியையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள். முதிர்வுக்குச் சில மாதங்களே இருந்தால் பொதுவாகக் கடன்தான் மலிவு. சிகிச்சையின்போது உணவுக்குழாய்ச் சுவரில் துளை விழுந்தால் கூடுதல் நாள் தங்க நேரும். அரிதுதான், ஆனாலும் மதிப்பீட்டுத் தொகைக்கு மேலே கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டே தேதி குறியுங்கள்.