கா 8 கிளைடர் மாடல்: ஸ்பாரும் வாலும்

வணக்கம்.

ஷ்லைஹர் கா 8 கிளைடரின் 1:5 அளவு பிளானை வாங்கி வேலையைத் தொடங்கியிருக்கிறேன். இறக்கை 3 மீட்டர், பறக்கும் எடை 2.5 கிலோ என்று பிளானில் இருக்கிறது. இறக்கைப் பக்கத்தைப் பெரிய தாளில் கடையில் அச்சிட்டேன். ரிப் (இறக்கையின் குறுக்கு விலா) பக்கங்களை வீட்டிலேயே ஏ4 தாளில் எடுத்தேன். வெட்டிய ரிப்களின் காடியில் ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புச் சட்டம்) நுழைய மறுக்கிறது. காடியைக் கொஞ்சம் அராவிவிடலாமா? ஸ்பாருக்கு 10×5 மி.மீ. ஸ்புரூஸ் மரம் போடச் சொல்கிறார்கள். எடை குறைய 5×5 போதும் என்கிறார் நண்பர். இறக்கையின் ப்ரொஃபைல் (குறுக்குவெட்டு வடிவம்) அசல் விமானத்தினுடையதாக இல்லை, அசலையே வரைந்துகொள்ளலாமா? வால் பகுதியை முடித்துவிட்டேன், 150 கிராம் வந்திருக்கிறது. இது சரியான எடையா?

– ர.

அன்புள்ள ர.,

நல்ல விமானத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ருடால்ஃப் கைசர் வடிவமைத்து 1957இல் முதலில் பறந்த கா 8, பயிற்சி மாணவர்கள் தனியாகப் பறப்பதற்கென்றே எளிமையாகச் செய்யப்பட்டது. நேர்க்கோடுகளும் அகலமான இறக்கையும் கொண்ட அந்த எளிமை மாடல் கட்டுபவருக்கும் அப்படியே உதவுகிறது.

காடியை அராவ வேண்டாம். வீட்டுப் பிரிண்டர் 'தாளுக்குப் பொருத்து' என்ற அமைப்பில் இருந்திருக்கும். படம் 3 சதவீதம் போலச் சுருங்கியிருக்கும். 10 மி.மீ. காடி 9.7 ஆகிவிடும். அதை அராவினால் ஸ்பார் நுழையும், ஆனால் 250 மி.மீ. ரிப் 242 ஆக இருப்பது மாறாது. இறக்கைப் படம் சரியான அளவில் இருப்பதால், ரிப்பின் வால் முனை இறக்கையின் பின்விளிம்பான டிரெய்லிங் எட்ஜைத் தொடாமல் 8 மி.மீ. முன்பே நின்றுவிடும். மேலே ஷீட் (மெல்லிய பால்சா மரப்பலகை) ஒட்டும் கட்டத்தில்தான் அது தெரியவரும். வெட்டியதை ஒதுக்கிவிட்டு, நூறு சதவீத அளவில் மறுபடி அச்சிடுங்கள். பிளானில் உள்ள அளவுக்கோட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எஃகு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சுருள் தாளில் அச்சிடும் இயந்திரங்கள் ஒரு திசையில் மட்டும் இழுத்துவிடுவது உண்டு.

ஸ்பார் விஷயத்தில் கணக்கே போட்டுவிடலாம். 2.5 கிலோ கிளைடர் பஞ்சி கயிற்றில் (இழுத்து ஏவும் ரப்பர் கயிறு) ஏறும்போதும், டைவிலிருந்து நிமிரும்போதும் 5 ஜி, அதாவது எடையைப்போல் ஐந்து மடங்கு விசை, வருவது சாதாரணம். அப்போது இறக்கைகள் தூக்கும் விசை ஏறக்குறைய 122 நியூட்டன், ஒரு பக்கத்துக்கு 61. அந்த விசையின் மையம் வேரிலிருந்து (இறக்கை உடலோடு சேரும் இடம்) சுமார் 63 செ.மீ. தள்ளி இருக்கும். வேரில் வளைவுத் திருப்பம் (இறக்கையை வளைக்கப் பார்க்கும் திருப்புவிசை) 38 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வேர் ரிப்பின் உயரம் 40 மி.மீ. என்றால், ஷீட்டையும் ஸ்பாரின் தடிமனையும் கழித்தபின் மேல் ஸ்பாரின் மையத்துக்கும் கீழ் ஸ்பாரின் மையத்துக்கும் இடையே 32 மி.மீ. இருக்கும். ஆக ஒவ்வொரு ஸ்பாரும் 1200 நியூட்டன், அதாவது 120 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். 10×5 ஸ்பாரில் இது சதுர மி.மீ.க்கு 24 நியூட்டன், 5×5இல் 48. நல்ல காய்ந்த ஸ்புரூஸ் இழைவாக்கில் அமுக்கத்தைத் தாங்குவது 35 முதல் 40 வரைதான். நண்பர் சொன்னபடி செய்தால் மேல் ஸ்பார் வேருக்குப் பக்கத்தில் நொறுங்கி இறக்கை மடங்கும். நான்கு ஸ்பாரிலும் சேர்த்து அதில் மிச்சமாவது 65 கிராம்தான்!

ஆனால் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி இறக்கைக்கு அப்பால் வளைவுத் திருப்பம் ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிடும்; அங்கே 5×5 தாராளமாகத் தாங்கும். வேரில் 10, நுனியில் 5 என்று அகலத்தை இழைப்புளியால் சீராகக் குறைத்துக்கொண்டே போங்கள். 30 கிராம் குறையும், வலிமைக்கு ஒன்றும் ஆகாது. நடுவில் படி வெட்டியதுபோல் திடீரென்று குறைத்துவிடாதீர்கள். படி இருக்கும் இடத்தில்தான் உடையும்.

இரண்டு ஸ்பாருக்கும் நடுவே ஒட்டும் வெப் பலகைகளில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். பால்சாவின் இழை செங்குத்தாக நிற்க வேண்டும், இறக்கையின் நீளவாக்கில் போகக் கூடாது. வளையும்போது இரண்டு ஸ்பாரும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கப் பார்க்கும்; செங்குத்து இழை தூண்போல் நின்று அதைத் தடுக்கும். நீளவாக்கு இழை நசுங்கிப் பிளக்கும். வேரிலிருந்து முதல் நான்கைந்து இடைவெளிகளுக்கு 1.5 மி.மீ. பிளைவுட், அதன்பின் 2 மி.மீ. பால்சா. ஒவ்வொரு துண்டும் ஸ்பாரோடும் ரிப்போடும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். இடைவெளியைப் பசையால் நிரப்பினால் அது வெப் ஆகாது.

இறக்கைகளை இணைக்கும் கம்பிக்கும் இதே 38 நியூட்டன் மீட்டர்தான். 10 மி.மீ. சாதாரண இரும்புக் கம்பி அந்த விசையில் வளைந்தபடியே நின்றுவிடும். 10 மி.மீ. ஸ்பிரிங் ஸ்டீல் வாங்குங்கள். அது நுழையும் பித்தளைக் குழாய் முடியும் இடத்தை ரிப்புக்கு நேராக வைக்காமல், பிளைவுட் வெப்பை அதற்கு அப்பால் இரண்டு ரிப் தூரம் நீட்டிச் சாய்வாக முடியுங்கள்.

ப்ரொஃபைலை மாற்ற வேண்டாம். அசல் கா 8இல் வேரில் கோ 533, நுனியில் கோ 532. அவை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சராசரி அகலமும் நொடிக்கு 18 மீட்டர் வேகமும் உள்ள இறக்கைக்கானவை. அங்கே ரெனால்ட்ஸ் எண் (அகலத்தையும் வேகத்தையும் சேர்த்துக் காற்று எப்படி ஓடும் என்று காட்டும் எண்) பத்து லட்சத்துக்கு மேல். உங்கள் மாடலின் நுனி 10 செ.மீ. அகலம் என்றால், நொடிக்கு 9 மீட்டரில் அந்த எண் 60,000தான். அந்த அளவில் தடிமனான பழைய ப்ரொஃபைலின் மேல்பரப்பிலிருந்து காற்று முன்கூட்டியே பிரிந்துவிடும். பிளான் வரைந்தவர் இதைத் தெரிந்தே மாற்றியிருக்கிறார். தரையில் நிற்கும்போது வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது, மேலே போனதும் நன்றாகத் தெரியும்.

நுனி முதலில் ஸ்டால் ஆகாமலிருக்க (தூக்கும் விசையை இழக்காமலிருக்க) 2 டிகிரி வாஷ்அவுட், அதாவது நுனியை நோக்கி ஒரு முறுக்கு, கொடுங்கள். 10 செ.மீ. நுனிக்கு 2 டிகிரி என்பது டிரெய்லிங் எட்ஜை 3.5 மி.மீ. உயர்த்துவது. வேரில் பூஜ்யம், நுனியில் 3.5 என்று சரியும் ஒரே ஆப்புப் பட்டையை இழைத்து வைத்துக்கொள்ளுங்கள். வலதுக்குப் பயன்படுத்தியதையே திருப்பிப் போட்டு இடதுக்கும் பயன்படுத்த வேண்டும். 2 டிகிரி இரண்டரை ஆனால் பாதகமில்லை, ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் மூன்றும் ஆனால் கிளைடர் எப்போதும் ஒரு பக்கமாகச் சுழன்று விழும். முன்பக்க மேல் ஷீட்டை ஒட்டியதும் ஷீட்டும் ஸ்பாரும் சேர்ந்த டி வடிவப் பெட்டி பூட்டிக்கொள்ளும், அதற்குப்பின் முறுக்கைத் திருத்த முடியாது. ஃபெவிகால் போன்ற தண்ணீர்ப் பசை ஷீட்டை ஊறவைத்து வளைக்கும் என்பதால், இறக்கையைப் பலகையில் எடை வைத்தபடியே ஒரு நாள் முழுக்க விடுங்கள். அவசரப்பட்டு எடுத்த இறக்கைதான் முறுக்கிக்கொள்ளும்.

இனி வால். 150 கிராம் அதிகம், தயங்காமல் மறுபடி செய்யுங்கள். பிளானில் அளந்து பாருங்கள்: ஈர்ப்பு மையத்திலிருந்து வால் ஏறக்குறைய 850 மி.மீ. பின்னால் இருக்கும், மூக்கில் ஈயம் வைக்கும் இடம் 380 மி.மீ.தான் முன்னால். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டேகால் கிராம் ஈயம். வாலை 90 கிராமில் முடித்தால் 60 கிராம் வாலிலும் 134 கிராம் ஈயத்திலும் குறைகிறது. ஸ்பாரில் ஆபத்தாக மிச்சம் பிடிக்கப் பார்த்த எடையைப்போல் மூன்று மடங்கு இது.

எடை எங்கே ஏறியது என்பதைப் பலகையிலேயே கண்டுபிடிக்கலாம். 1000×100×3 மி.மீ. பால்சா ஷீட் ஒன்று 30 கிராமும் இருக்கும், 60 கிராமும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சின்னத் தராசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 30 முதல் 36 கிராம் வரை உள்ளதை வாலுக்கும், கனமானதை இறக்கையின் வேர்ப் பகுதிக்கும் ஒதுக்குங்கள். எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) ரடரையும் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) முழுப் பலகையில் வெட்டாமல் சட்டமாகக் கட்டி ஃபிலிம் போர்த்துங்கள். அசலிலும் அவை துணி போர்த்த சட்டங்கள்தான். சர்வோக்களை (அவற்றை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) வாலில் வைக்கவே வேண்டாம். முன்னால் வைத்துக் கார்பன் குழாய்த் தண்டால் இயக்குங்கள். ஃபிலிமைச் சூடாக்கும்போது மேல், கீழ் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே பக்கத்தை முழுக்க இழுத்துவிட்டால் மெல்லிய சட்டம் வாழைப்பழமாக வளைந்துவிடும்.

முதல் பறப்புக்கு ஈர்ப்பு மையத்தைச் முன்விளிம்பிலிருந்து சராசரி அகலத்தின் 30 முதல் 33 சதவீதத்தில் வையுங்கள். ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே 20 மி.மீ. போனால் கீழே 10 மி.மீ. போதும், நீண்ட இறக்கையில் கீழிறங்கும் ஏலரான் மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும், அதனால் ரடரும் கூடவே வேண்டும். நல்ல உயரத்தில் நேராகப் பறக்க டிரிம் செய்தபின், மூக்கை 30 டிகிரி போலக் கீழே தள்ளி ரிமோட்டின் குச்சியை விடுங்கள். தானாகச் சட்டென்று நிமிர்ந்தால் மூக்கு கனம். ஈயத்தில் 10 கிராம் எடுத்து, எலிவேட்டர் டிரிம்மை அதற்கேற்ப மாற்றி மறுபடி பாருங்கள். மேலும் மேலும் செங்குத்தாகப் போனால் வால் கனம், உடனே எலிவேட்டரை மெல்ல இழுத்து நிமிர்த்தி இறக்கிவிடுங்கள். நிதானமாக, பெரிய வளைவில் எழுந்தால் ஈயத்தை அந்த அளவிலேயே எபாக்சி ஊற்றி நிலைப்படுத்திவிடலாம்.